கீத பவனிக்கு ஒரு கிரான்பெரி பை

நவம்பர் 30

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கீத பவனி எங்கள் தெருவுக்கு டிசம்பர் 22 இரவு வருகிறது என்று சபையில் அறிவித்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பத்து மணிக்கு வருகிறோம் என்றால் பன்னிரண்டுக்கு வருவார்கள். முப்பது பேர், சில வருடம் நாற்பது. டோலக், கிட்டார், வியர்த்து வழியும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. இரண்டு பாட்டும் ஒரு ஜெபமும் முடிந்ததும் கையில் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் அம்மா சுட்ட முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும்தான். இந்த வருடம் ஓடிஜி அடுப்பு வாங்கிய திமிரில், நான் கிரான்பெரி பை சுடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"பையா? எதைப் போட்டுத் தூக்குவதற்கு?" என்றாள் அம்மா.

அமெரிக்காவில் பண்டிகைக் காலத்தில் சுடும் பதார்த்தம், சிவப்பாக இருக்கும், சுலபமானது என்று விளக்கினேன். மூன்றில் ஒன்று கூட இன்றைக்கு நடக்கவில்லை.

பை என்றால் மாவு ஓடு வேண்டும் என்று நினைத்து அதில் தொடங்கினேன். குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் உதிர்த்துச் சேர்க்க வேண்டும். வெண்ணெய் சிறு துண்டுகளாக மாவுக்குள் நிற்க வேண்டும். அடுப்பில் அது உருகும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். எல்லாம் சரி. ஆனால் நவம்பர் கடைசியிலும் எங்கள் சமையலறை பகலில் 30 டிகிரி. விரல் பட்ட இடத்தில் வெண்ணெய் எண்ணெயாகிவிட்டது. ஒட்டுகிறதே என்று இன்னும் கொஞ்சம் மாவு போட்டுப் பிசைந்தேன். பிசைந்தது பரோட்டாவுக்குப் பிசைகிற கை. மைதாவைப் பிசையப் பிசைய இழுவை ஏறும் என்பது இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. வெந்து வந்தது ஓடுதான். வீட்டுக் கூரையில் போடுகிற ஓடு.

டிசம்பர் 7

ஓட்டை விட்டுவிட்டேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நாண்டக்கெட் தீவின் பெயரால் ஒரு கிரான்பெரி பை இருக்கிறது. அதற்கு ஓடே கிடையாது. தட்டின் அடியில் பழம், கொட்டை, சர்க்கரை, அதன் மேல் கேக் மாவு, அவ்வளவுதான். ஓடு இல்லாததற்குப் பெயர் பையா என்று கேட்கலாம். முந்திரிக்கொத்தில் மட்டும் முந்திரிப் பருப்பு இருக்கிறதா என்ன? வறுத்த பாசிப்பயறும் கருப்பட்டிப் பாகும் தேங்காயும் எள்ளும்தான். உருண்டைகளை மூன்று மூன்றாக மாவில் தோய்த்துப் போட்டால் கொடிமுந்திரி, அதாவது திராட்சைக் கொத்து மாதிரி இருக்கிறது, அதனால் அந்தப் பெயர் என்பார்கள். பெயரைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள் இல்லை.

அளவு: மைதா 125 கிராம், சர்க்கரை 200 கிராம், உருக்கிய வெண்ணெய் 170 கிராம், முட்டை இரண்டு, வெனிலா கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. அடியில் போட இரண்டு கோப்பை கிரான்பெரி, அரைக் கோப்பை வால்நட், 100 கிராம் சர்க்கரை. வால்நட்டுக்குப் பதில் முந்திரிப் பருப்பு உடைத்துப் போட்டேன். புதிய கிரான்பெரிக்கு எங்கே போவது? வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடையில் உலர்ந்தது பாக்கெட்டில் கிடைத்தது. அதையே கொட்டினேன்.

ஒன்பது அங்குல வட்டத் தட்டு, 175 டிகிரி, 45 நிமிடம் என்று வைத்தேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில் மேல்பக்கம் கறுத்துவிட்டது; நடுவே குச்சியால் குத்தினால் பச்சை மாவு. மேல்கம்பிக்கு மிக அருகில் வைத்ததும் தப்பு, அடுப்பின் திருகை நம்பியதும் தப்பு. பிறகு ஒரு அடுப்பு வெப்பமானி வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். திருகு 175 என்றால் உள்ளே 195. இனி 155இல் வைத்தால்தான் எனக்கு 175.

கருகியதைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டுப் பார்த்தோம். தித்திப்பு. அப்படி ஒரு தித்திப்பு. அல்வாவுக்குப் பெயர் போன ஊர்க்காரன் சொல்கிறேன், பல் கூசியது. பழம் மாவுக்கு அடியில் ரப்பர் போலக் கிடந்தது. "உலர்ந்த திராட்சை போட்ட கேக், நல்லாத்தான் இருக்கிறது" என்றாள் அம்மா. இதைவிட மோசமாக யாரும் திட்ட முடியாது.

டிசம்பர் 10

எங்கே பிசகியது என்று உட்கார்ந்து யோசித்தேன். கிரான்பெரி என்பது வட அமெரிக்காவில் சதுப்பு நிலத்தில் படரும் கொடி. 1816இல் அதே மாசசூசெட்ஸில் கேப் காட் என்ற கடலோரப் பகுதியில் ஹென்றி ஹால் என்பவர் முறையாகப் பயிரிடத் தொடங்கினார். இன்றைக்கு விஸ்கான்சின் மாநிலத்தில்தான் அதிகம் விளைகிறது. பழத்துக்குள் காற்று நிறைந்த நான்கு அறைகள் உண்டு, ஆகவே தண்ணீரில் மிதக்கும். நாம் நெல் அறுக்க வயலில் தண்ணீரை வடிக்கிறோம். அவர்கள் பழம் பறிக்க வயலில் தண்ணீரைக் கட்டுகிறார்கள். கொடியை அலசிவிட்டால் பழம் கழன்று மேலே வந்துவிடும், அப்படியே ஒதுக்கி அள்ளிவிடலாம்.

எனக்கு வேண்டிய சேதி வேறு. புதிய கிரான்பெரியில் 100 கிராமுக்குச் சர்க்கரை சுமார் 4 கிராம்தான். வாயில் வைக்க முடியாத புளிப்பு. அந்தப் புளிப்பை அடக்கத்தான் அவ்வளவு சர்க்கரை போடச் சொல்கிறார்கள். சூட்டில் பழம் வெடித்துச் சாறு விடும். அதில் பெக்டின் நிறைய இருப்பதால் சாறு தானாக உறைந்து ஜாம் போல நிற்கும். நான் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. சர்க்கரைப் பாகில் ஊறிக் காய்ந்த பழத்துக்கு மேல் நானும் 100 கிராம் கொட்டியிருக்கிறேன். புளிப்பு இல்லை, வெடிக்கச் சாறு இல்லை, உறைய ஒன்றுமில்லை.

இரவு ஒரு டம்ளரில் கொஞ்சம் கிரான்பெரியை வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தேன். அரை மணியில் தண்ணீர் சிவந்தது, குடித்தால் சர்பத். வடித்துவிட்டுப் புளியங்குடி எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தேன். முன்பைவிடத் தேவலாம். ஆனால் எலுமிச்சைப் புளிப்பு பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. நெல்லிக்காயைத் துருவி வேகவைத்தும் பார்த்தேன்: துவர்ப்பு, நார், சேற்று நிறம். அலுவலக நண்பர் புளி கரைத்து ஊற்றச் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 14

தீர்வு எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே, சாளை மீன் டப்பாவுக்கு அடியில், ஆகஸ்ட் மாதத்திலிருந்து கிடந்திருக்கிறது.

மதினிக்குப் பிறந்த ஊர் களக்காடு. களாச் செடி நிறைந்த காடு, அதனால்தான் அந்தப் பெயர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஊறுகாய்க்கென்று களாக்காய் கொண்டுவருவார்கள். ஊறுகாய்க்குக் காய்தான் வேண்டும். கறுத்துப் பழுத்ததை ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிய பழம் 900 கிராம், பொட்டலமாகக் கட்டி உறைய வைத்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். கேக்கின் உச்சியில் வைக்கிற சிவப்புச் செர்ரி பலமுறை செர்ரியே அல்ல, சாயம் ஏற்றிப் பாகில் போட்ட களாக்காய்தான் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் இரண்டு வாரம் தோன்றவில்லை.

ஒரு பழத்தை அப்படியே கடித்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் கூசியது. இதுதான், இதுவேதான்.

வேலைதான் அதிகம். களாவில் பால் உண்டு. பழுத்ததில் குறைவு என்றாலும் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும். பலாப்பழம் அறுப்பதைப் போலக் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டேன். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் தட்டையான விதைகள், சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் நான்கைந்து. உறைந்து இளகிய பழம் என்பதால் கீறிப் பிதுக்கினால் வந்துவிடுகிறது. 300 கிராம் பழத்துக்கு முக்கால் மணி நேரம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டே, "சுலபமான பை என்றாயே" என்று மூன்று முறை கேட்டாள். கிரான்பெரிக்கு விதை எடுக்க வேண்டியதில்லை, அவர்களுக்குச் சுலபம்தான்.

விதை எடுத்த பழத்தை 100 கிராம் சர்க்கரையோடு எட்டு நிமிடம் கொதிக்கவிட்டேன். கறுப்பாகத் தெரிந்த பழம் கொதிக்கக் கொதிக்க ரத்தச் சிவப்பானது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் இழுத்தால் கோடு கோடாகவே நிற்கிறது. களாவிலும் பெக்டின் நிறைய. அது தன் வேலையைச் செய்துவிட்டது. லேசான துவர்ப்புக்கு ஒரு சிட்டிகை உப்பு. ஊறவைத்து வடித்த கிரான்பெரி 100 கிராமையும் இதில் கலந்தேன். மேல் மாவில் சர்க்கரையை 200இலிருந்து 150 ஆக்கினேன். வெண்ணெயை 130 ஆக்கினேன், முந்தின முறை கையில் எண்ணெய் வழிந்ததால். மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாக, அதிரச மாவைவிடத் தளர்வாக வரும். கரண்டியின் பின்புறத்தால் பரப்பினால் போதும். இண்டு இடுக்கு இருந்தால் சூட்டில் அதுவே ஓடி மூடிக்கொள்ளும்.

நடுத்தட்டில் வைத்துப் பதினெட்டு நிமிடம் ஆகியிருக்கும். வெளியே நல்ல மழை. மின்சாரம் போய்விட்டது. வீட்டு இன்வெர்ட்டர் மின்விசிறிக்கும் விளக்கிற்கும்தான் காணும். ஓடிஜி இழுக்கிற மின்சாரத்தைத் தாங்காது. கதவைத் திறக்காமல் இருட்டில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று அம்மா ஆரம்பித்தாள். அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் கேக் பாத்திரத்தை இறக்கி, மூடியின் மேல் கங்கு அள்ளி வைத்து அவள் சுட்டதை நானும் பார்த்திருக்கிறேன். மேல்சூடு அதிகமானால் இடுக்கியால் இரண்டு கங்கை எடுத்துவிடுவாள். வெப்பமானி எல்லாம் முகத்தில் அடிக்கிற அனல்தான்.

இருபது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. பை வெந்தது, ஆனால் நடுவில் குழி விழுந்துவிட்டது. மாவு பாதி வேகும்போது சூடு இறங்கினால் எழும்பியது நிற்காமல் அமுங்கிவிடும். ருசியில் குறையில்லை. மேலே மொறுமொறுவென்று ஒரு மெல்லிய சர்க்கரை ஏடு, கீழே புளிப்பு. அண்ணன் குழியோடு சேர்த்து இரண்டு துண்டு சாப்பிட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தட்டை வழித்தாள்.

டிசம்பர் 21

மீதி 600 கிராம் களா. இரண்டு தட்டுக்குச் சரியாக வரும். கெட்டுப்போனால் அடுத்த ஆடி ஆவணி வரை காத்திருக்க வேண்டும்.

நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்கள், ஒரு கையில் பாட்டுப் புத்தகம். முக்கோணமாக வெட்டினால் முனை உதிரும். அதனால் எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு மாறினேன். ஒன்பது அங்குல வட்டத்தின் பரப்பும் எட்டு அங்குலச் சதுரத்தின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 64 சதுர அங்குலம். அளவை மாற்ற வேண்டியதில்லை. நாலுக்கு ஐந்து என்று வெட்டினால் தட்டுக்கு இருபது துண்டு. அடியில் வெண்ணெய்த் தாளை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிப் போட்டுவிட்டால் தூக்குவதும் எளிது.

மதியம் இரண்டு மணிக்கு முதல் தட்டு, மூன்றுக்கு இரண்டாவது. திருகு 155. இருபத்தைந்தாம் நிமிடம் மேலே அலுமினியத் தாள். மொத்தம் 45 நிமிடம். மின்சாரம் போகவில்லை. இரண்டும் தட்டையாக, பொன்னிறமாக, ஓரத்தில் சிவப்பு கசிந்து வந்தன. சூட்டோடு வெட்டக் கூடாது. ஜாம் உறைய நேரம் வேண்டும். இரவு முழுவதும் எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவே வைத்தேன்.

டிசம்பர் 23

நேற்றுக் காலை வெட்ட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், அலமாரி ஓரத்தில் ஒரு கிண்ணம் தட்டு மூடியபடி இருந்தது. திறந்தால் ஊறவைத்த கிரான்பெரி, 100 கிராம். இரண்டாவது தட்டில் சேர்க்க மறந்திருக்கிறேன். கிரான்பெரி இல்லாத கிரான்பெரி பை இருபது துண்டு. யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் தனித்தனித் தாம்பாளத்தில் அடுக்கினேன்.

பவனி பதினொன்றே முக்காலுக்கு வந்தது. எண்ணிப் பார்த்ததில் முப்பத்து நான்கு பேர். தாம்பாளம் சுற்றியது. முந்திரிக்கொத்து முதலில் தீர்ந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு கிரான்பெரி இல்லாத தட்டு தீர்ந்தது. டோலக் வாசிக்கிற தம்பி இரண்டாவது துண்டு கேட்டு வந்தபோது மற்ற தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், "அண்ணே, அந்தப் புளிப்பான தட்டில் இல்லையா?" என்றான்.

மதினி ஓரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டே, "கொழுந்தனாரே, இது எங்கள் ஊர்க் களாப்பழம் மாதிரி இருக்கிறதே, இதில் கிரான்பெரி எது?" என்று கேட்டார்கள். ஆகஸ்டில் இரண்டு கிலோ பழுத்ததாகவே கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கிண்ணத்தில் இருந்த கிரான்பெரியை இன்று காலை அம்மா ரவா கேசரியில் போட்டுவிட்டாள். கேசரிக்கு நன்றாகப் பொருந்தியது.