பயிற்சிக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் வீடியோ செய்யப் போகிறீர்களா? நான் கற்றுக்கொண்டவை

புது மென்பொருள் எதையும் நான் படித்தது பெரும்பாலும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் வீடியோக்களைப் பார்த்துத்தான். பாதித் திரையில் வீடியோ ஓடும், மீதிப் பாதியில் அதே மென்பொருளைத் திறந்து வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்து பார்ப்பேன். அப்புறம் நானே பயிற்சி வீடியோ செய்ய உட்கார்ந்தபோது, கருவிகளைப் பற்றிப் படித்ததைவிட, எந்தெந்த இடத்தில் பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது என்ற நினைவுதான் அதிகம் கைகொடுத்தது. பார்ப்பவர் சின்னத் திரையில் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே செய்கிறார். இதை மனதில் வைத்தால் மற்ற முடிவுகள் தானாக வரும்.

முதல் விஷயம் எழுத்து. பெரிய 4கே திரையை (3840 x 2160 புள்ளிகள்) முழுசாகப் பதிவு செய்து 1080பி-க்கு (1920 x 1080 புள்ளிகள்) சுருக்கினால் மெனுவில் இருக்கும் எழுத்து பொடியாகி மங்கிவிடும், எந்த எடிட்டிங்காலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் எந்த அளவில் வெளியிடப் போகிறீர்களோ அதே அளவில் பதிவு செய்யுங்கள். 1920 x 1080 போதும். திரையைப் பதிவு செய்யும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் வீடியோ அமைப்பில் கேன்வாஸ் அளவும் (பதிவுக்கு எடுக்கும் பரப்பு) அவுட்புட் அளவும் (சேமிக்கும் வீடியோவின் அளவு) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே ஸ்கேலை (திரையில் எழுத்து, ஐகான்கள் தெரியும் அளவு) 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள், பிரவுசரை கன்ட்ரோலும் பிளஸ்ஸும் அழுத்திப் பெரிதாக்குங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: வீடியோ சுருக்கப்படும்போது நிற விவரம் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படுகிறது, அதனால் கருப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு, நீல எழுத்துகள் கசிந்த மாதிரி தெரியும். வெள்ளையில் கருப்பு எழுத்து எப்போதும் பிழைத்துக்கொள்ளும். வேகம் நொடிக்கு 30 ஃபிரேம் (படங்கள்) தாராளம், நாம் காட்டுவது வேகமாக ஓடும் வீடியோ கேம் அல்ல.

குரலுக்கு நான் இன்னும் அதிக முக்கியத்துவம் தருவேன். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், இரைச்சலை யாரும் பத்து நிமிடம் கேட்க மாட்டார்கள். விலை உயர்ந்த மைக் தேவையில்லை. சாதாரண ஹெட்செட் மைக்கை வாயிலிருந்து ஒரு சாணுக்குள், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பதிவு மென்பொருளின் ஒலி மீட்டரில் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் நின்றால் சரி. பேசும்போது தடுமாறினால் பதிவை நிறுத்தாதீர்கள், இரண்டு நொடி மௌனமாக இருந்துவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். எடிட்டிங்கில் ஒலி அலையில் அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும், வெட்டுவது சுலபம்.

ஸ்கிரிப்ட் எழுதுங்கள். எழுதாமல் பேசினால் "இங்க, இதை, அப்படியே" என்றுதான் வாயில் வரும், கேட்பவருக்கு எது "இது" என்று புரியாது. பட்டன் பெயரைத் திரையில் இருக்கிறபடியே சொல்லி, பிறகு கர்சரை அங்கே கொண்டுபோய், ஒரு கணம் நிறுத்தி, அதன் பிறகு கிளிக் செய்யுங்கள். இந்த வரிசை மாறும்போதுதான் பார்ப்பவர் பின்னால் ஓட்டுகிறார். பேசும்போது மவுஸை வட்டம் போட வேண்டாம். ஒரு வீடியோவில் ஒரே வேலை. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கற்பவர் தன் வேகத்தில் நகர விட்டால் நன்றாகப் புரிகிறது என்று ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அவர் சொல்லும் இன்னொன்று, பேசுவதையே அப்படியே திரையில் பத்தியாகக் காட்டினால் கவனம் சிதறும். சப்டைட்டில் வேறு, அது வேண்டுபவர் போட்டுக்கொள்ள, வேண்டாதவர் அணைக்க.

விண்டோஸில் ஜூம்இட் என்ற சின்னக் கருவியை வைத்துக்கொள்ளுங்கள், கன்ட்ரோல் 1 திரையைப் பெரிதாக்கும், கன்ட்ரோல் 2 திரை மேல் வரையவிடும். பதிவுக்கென்றே தனி யூசர் கணக்கு திறப்பது நல்லது: அறிவிப்புகள் வராது, புக்மார்க், மின்னஞ்சல் எதுவும் வெளியே தெரியாது. உண்மையான ஆட்களின் விவரங்களைக் காட்டவே காட்டாதீர்கள், பொய்ப் பெயர்களில் மாதிரித் தரவு தயார் செய்யுங்கள். ஓபிஎஸ்ஸில் எம்கேவி என்ற வீடியோ ஃபைல் வகையில் பதிவு செய்தால் நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் அதுவரை பதிந்தது தப்பும், பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்து, எங்கும் ஓடும் எம்பி4 வகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

யூடியூபில் ஏற்றியதும் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தரம் முதலில் தயாராகும், எச்டி பிறகு வரும். அதுவரை 'அன்லிஸ்டட்' ஆக (லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) வைத்து, பாடம் தெரியாத ஒருவரிடம் கைபேசியில் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள். விவரப் பகுதியில் நேரக் குறிப்புகள் எழுதினால் அத்தியாயங்களாகப் பிரியும். முதல் குறிப்பு 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது 3 குறிப்புகள், ஒவ்வொன்றும் 10 நொடியாவது நீள வேண்டும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் அங்கேயே எழுதுங்கள். ஏற்றிய வீடியோவின் அதே முகவரியில் புது வீடியோவை மாற்றி வைக்க யூடியூப் விடாது, ஆகவே மெனு மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்ற வேண்டியிருக்கும். ஸ்கிரிப்ட்டையும் எடிட்டிங் ஃபைலையும் அழித்துவிடாதீர்கள், அடுத்த பதிப்பு வரும்போது மாறிய துண்டை மட்டும் திரும்பப் பதிந்தால் போதும்.