நூர் இனாயத் கானின் கோப்பைப் படிக்கப் போனது

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில் பிரிட்டனுக்காக ரகசியமாக வேலை செய்தவர் நூர் இனாயத் கான். அவருடைய உளவுப் பணிக் கோப்பு லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம், ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. கோப்பு எண் எச்எஸ் 9/836/5.

முதலில் வாசகர் அட்டை வேண்டும். இணையத்தில் பதிந்துவிட்டு, பெயருக்கு ஒன்று முகவரிக்கு ஒன்று என அசல் சான்றுகளை நேரில் காட்டினால் போதும், கட்டணம் கிடையாது. கோப்பை முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள். பை லாக்கருக்குப் போய்விடும், பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஃபிளாஷ் கூடாது.

எனக்கு அதிக நேரம் பிடித்தது அவருடைய பயிற்சி அறிக்கை. மூளை அவ்வளவாக இல்லை, ஆனால் உழைப்பாளி, நிலையற்ற சுபாவம், களத்துக்குச் சரிப்படுவாரா என்பது ரொம்பவே சந்தேகம் என்று தட்டச்சில் இருக்கிறது. பக்கத்திலேயே, அவரை அனுப்பிய பிரிட்டிஷ் ரகசிய அமைப்பான எஸ்ஓஇயின் பிரான்ஸ் பிரிவுத் தலைவர் பக்மாஸ்டர் 'அபத்தம்' என்று கையால் எழுதி அதைத் தள்ளிவிட்டிருக்கிறார். ஒரு மனுஷியின் உயிர் அந்த ஓரக்குறிப்பில் தீர்மானமாகியிருக்கிறது, அதை நேரில் பார்க்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

திப்பு சுல்தான் வம்சம், அப்பா பரோடாவில் பிறந்த சூஃபி இசைக்கலைஞர், அம்மா அமெரிக்கர். மாஸ்கோவில் பிறந்து பாரிஸ் பக்கத்தில் வளர்ந்து, குழந்தைகளுக்காகப் புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகக் கதைகளை எழுதியவர், 1943 ஜூனில் வயர்லெஸ் இயக்குபவராக பிரான்ஸில் இறங்குகிறார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் வரிசையாகப் பிடிபட, லண்டன் திரும்பி வரச் சொல்லியும் வரமாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் வீடு மாற்றி வீடு மாற்றி, ஜெர்மானியர்களின் தேடல் வண்டிகள் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் செய்தியை அனுப்பிவிட்டுக் கிளம்புவதுதான் வாழ்க்கை, அதையும் அக்டோபர் வரை தாக்குப்பிடித்தார்.

அனுப்பிய செய்திகளை அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தது பிடிபட்டதும் எதிரிக்கு உதவியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கைதானதாகத் தகவல் வந்தும் நம்பாமல், ஜெர்மானியர்கள் அவர் பெயரில் அனுப்பிய செய்திகளை நம்பி மேலும் ஆட்களை பாராசூட்டில் இறக்கியது லண்டன் தலைமையகம், என் கோபம் எல்லாம் அதன் மேல்தான். அவரோ ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் மாதக்கணக்கில் விலங்கோடு கிடந்தும் வாய் திறக்கவில்லை. 1944 செப்டம்பர் 13ல் நாஜிகளின் டாகாவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். போருக்குப் பிறகு அவரைத் தேடிய, பக்மாஸ்டரின் உதவியாளராக இருந்த வேரா அட்கின்ஸ் முதலில் அவர் நாட்ஸ்வைலர் முகாமில் இறந்ததாகவே நினைத்தார், டாகாவ் என்பது பிறகுதான் தெளிவானது.

வேறு ஏஜெண்டுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று: எஸ்ஓஇ ஆட்களின் தனிக் கோப்புகள் அடங்கிய இந்த எச்எஸ் 9 வரிசையில் இறப்பு உறுதியாகாதவர்களின் கோப்புகள், பிறந்து 100 ஆண்டு ஆகும்வரை மூடியிருக்கும். இறப்புச் சான்று கையில் இருந்தால், திறக்கச் சொல்லிக் கேட்கலாம்.