பழைய ராணுவக் கத்தியின் தோல் கைப்பிடி: முதலில் உப்புத்தாளைத் தள்ளி வையுங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கக் கத்தி ஒன்று கையில் கிடைத்ததும் நிறையப் பேர் செய்கிற முதல் காரியம், அதைப் புதுசு மாதிரி ஆக்கப் பார்ப்பதுதான். தயவுசெய்து வேண்டாம். பிளேடில் துரு இருந்தால் எண்ணெய் தடவி வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கைப்பிடித் தோலின் மேற்பரப்பை ஒரு தடவை தேய்த்து எடுத்துவிட்டால் எண்பது வருடமாக அதில் ஊறிய நிறமும் பளபளப்பும் போயே போச்சு.

என்னிடம் இருப்பது கே-பார் வகை. அமெரிக்க மரைன் படை 1942 நவம்பரில் ஏற்றுக்கொண்ட 1219சி2 மாதிரி, பிளேடு மட்டும் 7 அங்குலம். கே-பார் என்பது யூனியன் கட்லரி நிறுவனத்தின் முத்திரைதான் என்றாலும் கமில்லஸ், ராப்சன், பால் ஆகிய நிறுவனங்களும் போர்க் காலத்தில் இதே கத்தியைச் செய்து கொடுத்தன. என்னுடையது கமில்லஸ் செய்தது. எல்லாவற்றையும் மொத்தமாகக் கே-பார் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அது பரவாயில்லை.

இந்தக் கைப்பிடி எப்படிச் செய்யப்பட்டது என்று புரிந்தால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே புரிந்துவிடும். இது கட்டையின் மேல் சுற்றிய தோல் இல்லை. நடுவில் துளை வெட்டிய தோல் வாஷர்களை பிளேடின் ஒல்லியான வால் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, நன்றாக அமுக்கி, கடைசியில் இரும்புக் குமிழை மாட்டிப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் மொத்தத்தையும் தேய்த்து உருண்டை வடிவத்துக்குக் கொண்டுவந்து வரிப்பள்ளம் போடுவார்கள். அதனால் நம் கையில் படுவது தோலின் மேல்பக்கம் இல்லை, வெட்டு விளிம்பு. விளிம்பு ஈரத்தையும் எண்ணெயையும் சட்டென்று குடிக்கும், அதே வேகத்தில் காய்ந்தும் போகும். காயக் காய ஒவ்வொரு வாஷரும் கொஞ்சம் சுருங்கும், எல்லாம் சேர்ந்து கைப்பிடி லொடலொட என்று ஆடும்.

முதலில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். லேசாகத்தான் அசைகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. விரலால் தடவும்போது செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் தூள் உதிர்ந்தால் மட்டும் விஷயம் வேறு. அது தாவரச் சாறு கொண்டு பதனிட்ட தோல் அமிலத்தால் சிதைந்துபோகிற நிலை, எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. அருங்காட்சியகங்களில் தோல் பொருட்களைப் பராமரிப்பவர்கள் அதற்கு க்ளூசல் ஜி என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி, உதிர்கிற தூளைப் பிடித்து நிறுத்துவார்கள்.

நல்ல நிலையில் இருக்கிற தோலுக்குச் சுத்தம் செய்வதுதான் முக்கால்வாசி வேலை. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, தோல் சாமான்களைத் துடைப்பதற்கென்றே இருக்கிற சேடில் சோப்பின் நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைக்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. வரிப்பள்ளங்களுக்குள் மரப் பல்குச்சியின் முனையை ஓட்டினால் கறுப்பு அழுக்கு நூல் நூலாகச் சுருண்டு வரும். அது போனதும் வாஷர்களின் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும், ஒன்று தேன் நிறம், பக்கத்தில் இருப்பது புளி நிறம், ஏனென்றால் எல்லாமே ஒரே தோலிலிருந்து வெட்டியவை இல்லை. காப்புக்கு, அதாவது பிளேடுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கையைக் காக்கிற குறுக்குத் தகட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கிப் பிடிக்கிற இடம், மற்ற இடங்களைவிடக் கறுத்து வழவழவென்று இருக்கும். அந்தக் கறுப்பை எடுக்கவே கூடாது. யாரோ ஒருவர் இதைப் பிடித்து வேலை செய்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

அடுத்தது எண்ணெய். நீட்ஸ்ஃபுட் ஆயிலில் (மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கிற, தோலுக்குப் போடும் எண்ணெய்) ஊறப்போடு என்று சொல்வதைக் கேட்காதீர்கள். ஊறிய வாஷர்கள் மெத்தென்று ஆகிவிடும், நிறம் ஒரேயடியாகக் கறுக்கும், உள்ளே போன எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். தேன்மெழுகு கலந்த தோல் மெழுகை விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்து, விரல் சூட்டிலேயே இளக்கி, துளியூண்டு தடவுங்கள். ஒரு நாள் விட்டுவிடுங்கள். குடித்துவிட்டிருந்தால் இன்னொரு தடவை, மேலேயே நின்றால் துணியால் துடைத்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஆட்டம் இன்னும் நிற்கவில்லையா? வாஷர்களை எல்லாம் காப்புப் பக்கம் தள்ளுங்கள், குமிழுக்குப் பக்கத்தில் சின்ன இடைவெளி விழும். மெல்லிய தோலில் ஒரு வாஷர் வெட்டி, ஒரு பக்கம் கீறி, வாலுக்குக் குறுக்காகப் பக்கவாட்டிலிருந்து சொருகினால் மொத்தமும் இறுகிவிடும். சாயம் ஏற்றி விளிம்பைச் சரிசெய்தால் போதும், தேவைப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இதனால்தான் குமிழைக் கழற்றுவதைவிட எனக்கு இந்த வழி பிடிக்கிறது. பின் போட்ட குமிழ் என்றால் பஞ்ச் வைத்துத் தட்டிப் பின்னை வெளியே எடுக்க முடியும், வாலின் நுனியை அடித்துப் பரப்பிய குமிழ் என்றால் அதை அறுக்காமல் கழற்ற வழியில்லை.

தோல் மொத்தமாக மக்கிப்போய், பாதி வாஷர்கள் காணாமலே போயிருந்தால் புதிதாக அடுக்குவதில் தப்பே இல்லை. ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் இந்தத் தோல் தாங்காது. 1944இல் வந்த, துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தியான எம்4 பயனெட்டுக்கும் ஆரம்பத்தில் தோல் வாஷர் கைப்பிடிதான், பிற்காலத்தில் அது பிளாஸ்டிக்குக்கு மாறியது. ஆனால் புதிதாக அடுக்கிய கத்தியை விற்கும்போது வாங்குகிறவரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

வேலை முடிந்ததும் கத்தியைத் தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். உறைத்தோலில் இருக்கும் அமிலமும் அது பிடித்து வைக்கிற ஈரமும் பிளேடில் துருவைக் கிளப்பும். உறையில் செம்பு, பித்தளை ரிவெட் இருந்தால் அவற்றைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், அதையும் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். கத்தி தனி, உறை தனி, இரண்டையும் காற்றோட்டமான அலமாரியில் வைத்து, அவ்வப்போது கைப்பிடியைத் திருகி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.