செடிக்கு நேர் எதிரே உட்காருங்கள்: கொழிஞ்சாம்பாறையில் ஷேக்ஸ்பியர்

பொள்ளாச்சியில் பாலக்காட்டு பஸ் ஏறி, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். ஆனால் காதில் விழுவது தமிழ்தான். நாட்டுக்கல், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் அப்படித்தான் இருக்கும். சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிக்கூடங்கள் இன்றும் நடக்கின்றன, டீக்கடையில் ஒருவர் மலையாளத்தில் கேட்பார், இன்னொருவர் தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றாது. இந்த ஊரில் ஷேக்ஸ்பியரின் ‘டுவெல்த் நைட்’ போடுகிறார்கள், பாதி தமிழ் பாதி மலையாளம், பள்ளிக்கூட மைதானத்தில், டிக்கெட் கிடையாது என்று சித்தி போனில் சொன்னார். அடுத்த சனிக்கிழமை நான் பஸ்ஸில் இருந்தேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் உடைந்து வயோலா என்ற பெண் முன்பின் தெரியாத நாட்டில் கரை ஒதுங்குகிறாள். கூடப் பிறந்த இரட்டையன் செபாஸ்டியன் செத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டு, ஆண் வேஷம் போட்டு ஆர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். பிரபு ஒலிவியாவைக் காதலிக்கிறான், ஒலிவியா தூது வந்த இந்த ‘பையனை’க் காதலிக்கிறாள், வயோலாவோ பிரபுவைக் காதலிக்கிறாள். இதோடு ஒலிவியா வீட்டுக் காரியஸ்தன் மால்வோலியோவை வீட்டிலிருப்பவர்களே ஏமாற்றும் கதை ஒன்று தனியாக ஓடும். நாடகக் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்து இளைஞர்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கரை ஒதுங்கிய வயோலாவும் அவள் இரட்டையனும் தமிழ் பேசுவார்கள், அந்த நாட்டுக்காரர்கள் மலையாளம் பேசுவார்கள். எல்லைப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக அந்த நாடகத்தைப் போட முடியாது.

இனி உட்காரும் விஷயம். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முன்னால் இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, விருந்தினர்களுக்கு. அதற்குப் பின்னாலும் இரண்டு ஓரங்களிலும் பாய்கள். கடைசியில் நின்று பார்ப்பவர்கள், பைக் மேல் உட்கார்ந்து பார்ப்பவர்கள். சித்தி எனக்காக நாற்காலி ஒன்று கேட்டு வைத்திருந்தார். வேண்டாம் சித்தி, பாயில் உட்காரலாம் என்றேன். “கால் வலிக்கும் கண்ணு” என்றார். வலித்தது உண்மைதான், ஆனாலும் அடுத்த முறையும் பாயில்தான் உட்காருவேன்.

காரணம் சொல்கிறேன். சோக நாடகத்துக்கு மேடை மட்டும் தெரிந்தால் போதும். சிரிப்பு நாடகத்துக்குச் சிரிக்கிறவர்களின் முகமும் தெரிய வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்தில் லண்டன் குளோப் அரங்கில் கூரையில்லாத முற்றத்தில் ஒரு பென்னி கொடுத்து நின்றே பார்த்தார்கள், இரண்டு பென்னி கொடுத்தால் சுற்றிலும் உள்ள மாடத்தில் உட்காரலாம், மெத்தை வேண்டுமென்றால் இன்னொரு பென்னி. நாடகம் நடந்தது பட்டப்பகலில், மதிய வேளையில். நடிகருக்குக் கூட்டத்தின் முகம் தெரியும், கூட்டத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருப்பவர்களின் முகம் தெரியும். வயோலா தனியாக நின்று தன் குழப்பத்தைச் சொல்லும் இடங்கள் எல்லாம் அந்த முகங்களைப் பார்த்துச் சொல்வதற்கென்றே எழுதியவை. விளக்கை அணைத்து ஏசி போட்ட அரங்கில் அந்த வசனம் யாருக்கென்று தெரியாமல் காற்றில் போய்விடும். கொழிஞ்சாம்பாறை மைதானத்தில் ஓரத்து டியூப்லைட்டுகளை அணைக்காமல் விட்டிருந்தார்கள், அது பெரிய உதவி. ஓரத்துப் பாயில் உட்கார்ந்தால் மேடையும் தெரியும், எதிர் ஓரத்துக் கூட்டமும் தெரியும். முன்வரிசை நாற்காலிக்காரர்களுக்கு மேடை மட்டும்தான்.

இன்னொன்று, மேடை இடுப்பு உயரம் இருந்தது. ரொம்ப முன்னால் தரையில் உட்கார்ந்தால் நடிகர்களின் கால் தெரியாது, மேடையின் விளிம்பு மறைத்துவிடும். கால்தானே என்று நினைக்காதீர்கள், இந்த நாடகத்தில் கால்தான் முக்கியம். அதனால் பாயில் நாலைந்து வரிசை தள்ளி உட்காருங்கள்.

ஓரம் என்றால் எந்த ஓரம்? நாடகம் தொடங்குவதற்கு முன்பே மேடையைப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் சிரிப்பு நாடகங்கள் பலவற்றில் யாராவது எங்கேயாவது ஒளிந்து நின்று ஒட்டுக் கேட்பார்கள். ‘மச் அடோ அபவுட் நத்திங்’கில் பெனடிக் தோட்டத்தில் ஒளிந்திருப்பான், ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’டில் காதலர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக ஒளிந்துகொள்வார்கள். ‘டுவெல்த் நைட்’டில் ஒலிவியாவின் உறவினன் டோபியும் அவன் நண்பன் ஆண்ட்ரூவும் வீட்டு ஆள் ஃபேபியனும் செடி மறைவில் இருக்க, மால்வோலியோ பொய்க் கடிதத்தைக் கண்டெடுத்துப் படிப்பான். இங்கே மேடையின் வலது பக்கத்தில் காகிதப்பூத் தொட்டிகளை முன்னிருந்து பின்னாக வரிசையாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே நான் சித்தியையும் ஆத்தாவையும் (சித்தியின் மாமியாரை எல்லோரும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்) இழுத்துக்கொண்டு போய் அந்த வரிசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அங்கிருந்து செடிக்கு இந்தப் பக்கம் மால்வோலியோ, அந்தப் பக்கம் மூவரும், இரண்டும் ஒரே பார்வையில் கிடைத்தது. இடது ஓரத்தில் இருந்தவர்களுக்குச் செடி மறைத்துவிட்டது, குரல் மட்டும்தான் போயிருக்கும். கடிதத்தில் இருக்கும் “சிலர் பிறக்கும்போதே பெரியவர்கள், சிலர் பெருமையைச் சம்பாதிக்கிறார்கள், சிலர் மேல் பெருமை தானாக வந்து விழுகிறது” என்பதை அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படிக்கும்போது, செடிக்குப் பின்னால் ஆண்ட்ரூ தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு குலுங்குகிறான். அதைப் பார்த்து எங்கள் பக்கம் வெடித்தது. எதிர்ப் பக்கம் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

மொழி இரண்டாக இருந்ததால் சிரிப்பும் இரண்டு தடவை வந்தது. தூது போன வயோலாவிடம், அவள் கொடுக்காத மோதிரத்தைக் கொடுத்ததாகச் சொல்லி மால்வோலியோ வீசிவிட்டுப் போவான். அவள் குனிந்து அதைப் பார்த்து, நிமிர்ந்து எங்களைப் பார்த்து, “அடக் கடவுளே, அந்தம்மா என்னையவா?” என்றதும் தமிழர்கள் உடனே சிரித்துவிட்டார்கள். மலையாளிகளுக்கும் தமிழ் புரியும், ஆனால் அரை நொடி கழித்து வந்தது. மால்வோலியோ பேசிய கனமான மலையாளத்துக்கு நேர் மாறாக நடந்தது, அங்கே அவர்கள் முதலில், நாங்கள் பின்னால். நடித்தவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். முதல் சிரிப்பு அடங்கும்போது அடுத்த வசனத்துக்கு ஓடாமல் இரண்டாவது சிரிப்பு வரட்டும் என்று நின்றார்கள். எனக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளி அக்காவும் நானும் நாடகம் முழுக்க ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தோம். எல்லைப்புறத்தில் நாடகம் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் மொழிக்காரர்களோடு கும்பலாக உட்காராதீர்கள். அடுத்த மொழிக்காரர் பக்கத்தில் போய் உட்காருங்கள், இரண்டு மடங்கு கிடைக்கும்.

மஞ்சள் காலுறைக்கு வருகிறேன். மஞ்சள் காலுறை போட்டு, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டி கட்டி, சிரித்த முகத்தோடு வா என்று பொய்க் கடிதம் சொல்கிறது. ஒலிவியாவுக்கு மஞ்சள் என்றாலே ஆகாது, அதுதான் குறும்பு. இவர்கள் முழங்கால் வரை வரும் ஃபுட்பால் காலுறையையே போட்டு, கறுப்பு நாடாவைக் குறுக்கே சுற்றிவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் உள்ளே வந்ததும் பின்னால் பைக் மேல் இருந்த பையன்கள் “பிளாஸ்டேர்ஸ்!” என்று கத்தினார்கள். கேரளத்து ஃபுட்பால் அணியின் நிறம் மஞ்சள்தானே. அவன் அசரவில்லை. மெதுவாகத் திரும்பி, அவர்களைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் வைத்தான். அவ்வளவுதான், மைதானமே எழுந்துவிட்டது. ஒலிவியாவாக நடித்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

இந்த நாடகம் நடந்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் குறிப்பே ஒரு பார்வையாளர் எழுதியதுதான். 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் பார்த்த மானிங்ஹாம் என்ற சட்ட மாணவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். காதல் ஜோடிகளை விட்டுவிட்டு, காரியஸ்தனை நம்பவைத்து ஏமாற்றியதைத்தான் அவர் விவரமாகப் பாராட்டுகிறார். 1640-இல் அச்சான ஒரு பாட்டும் மால்வோலியோவைப் பார்க்கத்தான் அரங்கு நிறைகிறது என்று சொல்கிறது. முதலாம் சார்லஸ் மன்னர் தன் புத்தகத்தில் நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் ‘மால்வோலியோ’ என்றே எழுதி வைத்திருக்கிறார். நானூறு வருஷமாகக் கூட்டத்தின் கண் ஒரே ஆள் மேல்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட முடியாது. பைத்தியம் என்று சொல்லி அவனை இருட்டறையில் அடைப்பார்கள். இங்கே மேடைக்கு அடியில் அடைத்தார்கள், பலகை இடுக்கில் ஒரு கை மட்டும் வெளியே நீண்டு விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒலிவியா வீட்டுக் கோமாளி ஃபெஸ்டே பாதிரியார் வேஷத்தில் வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டு வதைக்கிறான். முதலில் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக நின்றது. ஆத்தா சத்தமாகவே சொல்லிவிட்டார், “போதுமடா, விடுங்கடா அவனை.” யாரும் ஆத்தாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடைசியில் உங்கள் கூட்டத்தையே பழி வாங்குவேன் என்று சொல்லிவிட்டு அவன் மேடையை விட்டு இறங்கி, எங்கள் பாய்களுக்கு நடுவே காலுறை அவிழ்ந்து தொங்க நடந்து வெளியே போனான். வழியில் நீட்டியிருந்த கால்கள் எல்லாம் மடங்கின. பைக் பையன்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நடைக்காகவாவது வழிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கூட்டம் இப்படி வாய்விட்டுப் பேசுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பாலக்காட்டுப் பக்கம் பாணர்கள் ஆடும் பொறாட்டு நாடகம் உண்டு. அதிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வரும், பெண் வேஷம் ஆண்களே கட்டுவார்கள், சோத்யக்காரன் என்று ஒருவன் வருகிற வேஷங்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டுக் கிண்டல் செய்வான். ஆத்தா சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தவர். ஃபெஸ்டே வந்ததுமே “இவந்தான் சோத்யக்காரன்” என்று அடையாளம் கண்டுகொண்டார். ஷேக்ஸ்பியர் மேடையிலும் வயோலாவாக நடித்தது ஒரு பையன்தான் என்று நான் சொன்னதற்கு, “பின்னே வேற எப்படி” என்றார்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். மால்வோலியோ தேங்காய் எண்ணெய் தேய்த்து மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், கல்லூரி முடித்த வயசுதான் இருக்கும். மேடையிலிருந்து பார்த்தால் யார் தெரிவார்கள் என்று கேட்டேன். “முன்னாடி நாற்காலியில இருக்கறவங்க சிரிச்சாலும் உடம்பு அசையாது சேச்சி. பாயில ஒரு முகத்தைப் பிடிச்சுக்குவேன். இன்னிக்கு அந்தப் பாட்டியைத்தான் பிடிச்சேன்” என்று ஆத்தாவைக் காட்டினார். ஆத்தாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம், ஆனால் பையனின் கையைப் பிடித்துப் பார்த்து, பலகை இடுக்கில் சிராய்த்திருக்கிறதே என்று திட்டத் தொடங்கிவிட்டார்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், திறந்தவெளி நாடகத்துக்கு அது மைக்கைவிடப் பெரிய விஷயம். இங்கே மேடையைக் கிழக்கு ஓரத்தில் போட்டிருந்ததால் காற்றே குரலைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது, பாட்டுக்கு மட்டும்தான் மைக். மேடைக்குப் பின்னால், காற்று வரும் பக்கம் நின்றால் ஒன்றும் கேட்காது. சால்வை கட்டாயம் வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் வழிக்குப் பக்கமாக உட்காருங்கள், இருட்டறைக் காட்சியில் சின்னக் குழந்தைகள் இரண்டு பேர் அழுதார்கள், தூக்கிக்கொண்டு போகச் சுலபம். இடைவேளையில் விருந்தினர்கள் பலர் கிளம்பிவிடுவார்கள், காலியான நாற்காலியைப் பார்த்து ஆசைப்பட்டு இடம் மாற வேண்டாம், மூட்டுவலிக்காரர்கள் மட்டும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பாய் ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி பொள்ளாச்சிப் பக்கம் பஸ் குறைந்துவிடும், வண்டி இல்லாதவர்கள் ஊரில் தங்கும் ஏற்பாட்டோடு போவது நல்லது. நான் சித்தி வீட்டில் தங்கி, காலையில் சித்தூர் போய் ஷோகநாசினிப் புழைக்கரையில் மலையாளக் கவி எழுத்தச்சனின் குருமடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் மீனாட்சிபுரம் பக்கம் இன்னொரு தடவை போடப் பார்க்கிறோம் என்று குழுவில் சொன்னார்கள். தொட்டிகளை எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். வலது பக்கம்தான்.