டார்மில் அடைபட்ட ஆட்களும் ஆபீஸ் நடத்திய ஜூம் கூட்டமும்

கொரோனாவுக்காகச் சிங்கப்பூர் 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற பெயரில் ஊரடங்கு போட்ட சமயத்தில் அங்கே ஒரு நடுத்தரக் கட்டுமான நிறுவனத்தில் புராஜெக்ட் கோஆர்டினேட்டராக இருந்தேன். ஆட்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்நாடு, மீதி பங்களாதேஷ். 2020 ஏப்ரல் 7-இல் சைட்டை மூடினோம். 20-ஆம் தேதியிலிருந்து கட்டுமானத் துறையில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருந்த வெளிநாட்டு ஆட்கள் எல்லோரும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று ஆணை வந்தது. மே 4 வரை என்றார்கள், அப்புறம் மே 18 என்றார்கள். அதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதை. ஆட்களின் மனசு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, "உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நீயே பேசு" என்று என் தலையில் விழுந்தது. அதில் எங்கெல்லாம் இடறியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதல் அடி சம்பளத்தில். வெளிநாட்டு ஆட்களை வைத்திருப்பதற்காகக் கம்பெனி மாதாமாதம் அரசுக்குக் கட்டும் லெவியை ஏப்ரல், மே மாதங்களுக்கு அரசு தள்ளுபடி செய்தது. முன்பு கட்டிய லெவியிலிருந்து ஆளுக்கு 750 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கம்பெனிக்குத் திருப்பியும் கொடுத்தது. செய்தி ஆட்கள் தங்கும் விடுதியான டார்முக்குள் அன்றைக்கே போய்விட்டது. அதனால் சம்பளம் குறையாது என்று ஆட்கள் நம்பினார்கள். எங்கள் ஆபீஸ் என்ன செய்தது? அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வங்கியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. ஒரு நாளைக்கு 18, 20 வெள்ளி அடிப்படை வாங்கும் ஆளுக்கு ஓவர்டைம்தான் சம்பளமே. வேலை இல்லாதபோது ஓவர்டைம் கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் இவ்வளவுதான் வரும் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பணம் போய்ச் சேர்ந்த அன்று இரவு என் போன் ஓயவில்லை. "கம்பெனி மூடப்போகுதாமே சார், ஊருக்கு அனுப்பிடுவீங்களா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்காமல் ஊர் திரும்புவது எப்படிப்பட்ட விஷயம் என்று ஆபீஸில் ஏசி அறையில் இருப்பவருக்கு யார் சொல்வது!

அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்துக்கு முன்பே ஒவ்வோர் அறையிலும் ஒருவரைக் கூப்பிட்டு, இந்தத் தேதி, இவ்வளவு, ஏன் இவ்வளவு என்று சொல்லிவிடுவேன். கணக்குப் பிரிவில் இதற்கு முகம் சுளித்தார்கள். "சம்பள விவரத்தை முன்கூட்டிச் சொல்வது வழக்கமில்லை" என்றார் ஒரு அம்மா. வழக்கமில்லாத காலத்தில் வழக்கத்தைப் பார்த்து என்ன செய்வது? சொன்ன மாதங்களில் ஒரு போன் கூட வரவில்லை.

பணத்தை ஊருக்கு அனுப்புவதிலும் ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போய்க் கடையில் வரிசையில் நின்று அனுப்பியே பழகியவர்கள். ஆப்பில் அனுப்பச் சொன்னால் வயதானவர்களுக்குப் பயம். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவன், எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று தன் போனிலேயே பேசிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான். ஆபீஸ் அனுப்பிய ஆங்கிலக் கையேட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவனுடைய வீடியோ எங்கள் ஆட்களைத் தாண்டிப் பக்கத்துக் கம்பெனி அறைகளுக்கும் போனது.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டரிங்காரர் எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் ஒரே பொட்டலம் கொடுத்தார். நடுவில் நோன்பு தொடங்கிவிட்டது. பங்களாதேஷ் ஆட்களுக்கு விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்துக்கு முந்தைய நாள் இரவுப் பொட்டலம்தான், அதுவும் ஊசிப்போய். நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டால் டார்ம் நிர்வாகம் கேட்டரிங்காரரைக் காட்டியது, அவர் டார்ம் கேட்டைக் காட்டினார். கடைசியில் எங்கள் லாரி டிரைவருக்கு அனுமதி வாங்கித் தனியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரமலான் பாதி போய்விட்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் ஆபீஸ் 'மனநலக் கூட்டம்' ஏற்பாடு செய்தது. ஜூமில், ஆங்கிலத்தில், நேர்மறைச் சிந்தனை பற்றி ஒரு பேச்சாளர். பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் ஒரு போனைச் சுவரில் சாய்த்து வைத்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மற்றவர்கள் தூக்கம். மூச்சை உள்ளே இழுங்கள், வெளியே விடுங்கள் என்று அவர் சொல்லி முடித்ததும் கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் போர்மேன், "எல்லாம் சரி சார், முருகேசனை எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க?" என்றார். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) பேச்சாளர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

அதுதான் எங்களை மிகவும் உலுக்கிய விஷயம். தொற்று உறுதியானவரை நள்ளிரவில் வந்து அழைத்துப் போவார்கள். மருத்துவமனையா, நோயாளிகளைத் தங்கவைத்த எக்ஸ்போ கண்காட்சி அரங்கா, வேறு தங்குமிடமா என்று ஒரு நாள் வரை நமக்குத் தகவல் வராது. அவசரத்தில் கிளம்பியவர் சார்ஜரை மறந்திருப்பார். போன் அணைந்துவிடும். ஊரில் மனைவி அழைத்துப் பார்ப்பார், கிடைக்காது. உடனே அறை நண்பர்களை அழைப்பார், அவர்கள் என்னை அழைப்பார்கள். மறுநாள் காலைக்குள் ஊரில் ஆள் இறந்துவிட்டதாகவே பேச்சு பரவியிருக்கும். முருகேசன் எக்ஸ்போவில் ஜுரம்கூட இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லோரையும் ஒரு பை தயாராக வைக்கச் சொன்னோம்: சார்ஜர், பவர்பேங்க், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, இரண்டு உடை, கம்பெனி எண்ணும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை. போனை நம்பாதீர்கள், எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். ஆள் போனால் வீட்டுக்கு முதல் அழைப்பு எங்களிடமிருந்து போகும் என்று வாக்குக் கொடுத்தேன். "இடம் இன்னும் தெரியலை, தெரிஞ்சதும் கூப்பிடுறேன்" என்று சொல்வதற்காகவே எத்தனையோ வீடுகளுக்குப் பேசியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கே மறுமுனையில் அழுகை நின்றுவிடும்.

ஜூனுக்குப் பிறகு வேலை மெல்லத் திறந்தபோது அடுத்த கூத்து. அப்போது ஆளின் போன் ஆப்பில் 'அக்சஸ் கோடு' என்ற அனுமதிக் குறியீடு பச்சையானால்தான் சைட்டுக்குப் போக முடியும். அதற்கு ஆள் நலமாக இருந்தால் மட்டும் போதாது. தங்குமிடத்தில் தொற்று இல்லை என்று அறிவித்திருக்க வேண்டும், கம்பெனிக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதி இருக்க வேண்டும், ஆளின் விலாசம் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஏப்ரலில் சிலரை வேறு இடத்துக்கு மாற்றியபோது எங்கள் ஆபீஸில் விலாசத்தைத் திருத்தவே இல்லை. ஒரே அறையில் எட்டுப் பேருக்குப் பச்சை, நாலு பேருக்குச் சிவப்பு. அந்த நாலு பேரும் தங்களுக்கு ஏதோ நோய், மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். விலாசம்தான் காரணம் என்று கண்டுபிடித்துத் திருத்திய பிறகு, கோடு பச்சையானதை அவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: "அண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன்."

வேலை தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று முதலாளி நினைத்தார். பதினான்கு நாளுக்கு ஒரு முறை மூக்கில் குச்சி, வேலை விட்டால் நேரே டார்ம், ஞாயிறும் டார்ம். ஓவர்டைம் திரும்பியதால் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது உண்மை. வெளியே போவதுதான் நடக்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம் என்ற சோதனை முயற்சியே 2021 செப்டம்பரில்தான் தொடங்கியது. அதுவரை 'அடுத்த மாசம் விடுவாங்க' என்று யாரும் சொல்லக்கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆறுதலுக்காகச் சொன்ன தேதி பொய்த்துப் போனால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் சம்பளத் தேதியையும் நம்பமாட்டார்கள்.

வருடக் கடைசியில் ஆபீஸ் ஓர் அறிக்கை தயாரித்தது. 'ஊழியர் நலன்' என்ற பகுதியில் ஜூம் கூட்டம் படத்தோடு இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த சார்ஜர்களுக்கான பில் மட்டும் 'விளக்கம் தேவை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.