ஒரு பைக்கற், மூண்டு வாய்

இண்டைக்குக் காலமை யாழ்ப்பாணம் நாவாந்துறையில ஒரு வீடு. மருத்துவமாது அக்கா ஸ்கூட்டியை நிப்பாட்ட முதலே கேட்டா: "பிள்ளைக்குத் திரிபோஷா குடுக்கிறனீங்கள் தானே?"

தாய் தலையாட்டினா. (திரிபோஷா எண்டது நிறை குறைஞ்ச பிள்ளைக்கு அரசாங்கம் சும்மா குடுக்கிற சத்துமா.)

பின்னால மூண்டு பிள்ளையள். மூண்டு பேற்ற வாயிலயும் அதே மா உருண்டை, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைச்சது.

ஒரு பிள்ளையின்ர பைக்கற் மூண்டாப் பிரியுது. கார்டில நிறைக் கோடு ஏன் ஏறேல்லை எண்டு அக்கா பிறகு கேக்கேல்லை.

1926இல களுத்துறையில தொடங்கின, ஒவ்வொரு பகுதிக்கும் சுகாதார ஊழியரை விடுற சுகாதாரப் பிரிவு முறை இண்டைக்கும் படலை வரைக்கும் வருது. லேசுப்பட்ட விசயமில்லை.

ஆனா 2010இல இங்கிலாந்தில சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட் சுகாதார ஏற்றத்தாழ்வைப் பற்றிக் குடுத்த அறிக்கை இன்னொண்டும் சொல்லுது: சேவை எல்லாருக்கும் வேணும், இல்லாதவைக்குக் கூடுதலா வேணும். (எங்கட அம்மம்மாமார் சோறு போடேக்க செய்யிறதுதான்.)

எந்த வீட்டுக்கு எத்தினை பைக்கற் எண்டதை இந்த அக்காவிட்டயே விட்டா என்ன? அடுப்பு எரியாத வீடு எது எண்டு அவாக்குத் தெரியும்.