முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு ரயில் கட்டை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பர்மா தேக்குக்காகத்தான் போவார்கள். இடித்த வீடுகளின் நிலை, கதவு, தூண் எல்லாம் கடை வாசலிலேயே சாத்திக் கிடக்கும். தேக்கின் வைரத்தைக் கறையான் லேசில் தொடாது, அதனால் பழைய தூணுக்கும் நல்ல விலை. நான் நின்றதோ மூலையில் கிடந்த ஆறடிக் கருப்புக் கட்டை முன்னால்.

மீட்டர்கேஜ் ஸ்லீப்பர், அதாவது பழைய குறுகிய ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போட்ட கட்டை. தண்டவாளம் உட்கார்ந்த இடம் தேய்ந்து பள்ளமாகி, ஆணித் துளைகளில் துரு ஏறியிருந்தது. மத்தியான வெயிலுக்கு வெடிப்புகளில் தார் கசிந்தது.

"எடுத்துட்டுப் போங்க தம்பி, டைனிங் டேபிள் பண்ணலாம்" என்றார் கடைக்காரர். சோறு வைத்துச் சாப்பிடுகிற பொருளா அது!

உள்ளே ஏறியிருப்பது கிரியோசோட், நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் எண்ணெய். ஜான் பெத்தல் 1838இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய முறை. காய்ந்த கட்டைகளை டிராலியில் அடுக்கி நீளமான இரும்பு உருளைக்குள் தள்ளி மூடுவார்கள். மரத்திலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டு, சூடான எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். நம் ரயில்வேக்கு பஞ்சாபில் தில்வான், பரேலி பக்கம் கிளட்டர்பக்கஞ்ச், அசாமில் நாஹர்கட்டியா, பாலக்காட்டை ஒட்டி ஒலவக்கோடு என ஆலைகள் இருந்தன. சீக்கிரம் மக்கிவிடும் பைன் மரம்கூட இந்தக் குளியலுக்குப் பிறகு வருடக்கணக்கில் ரயிலைத் தாங்கியது.

தாங்கியதில் மனிதத் தோலுக்கும் பங்குண்டு. கிரியோசோட் பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் அது சேர்ந்ததெல்லாம் பிற்பாடு. டீக்கடையில் ரயில் பாதையைப் பராமரித்த ஒரு ரிட்டயர்டு கேங்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். "கட்டை மாத்துற அன்னைக்கு தோள்ல சாக்கை மடிச்சுப் போட்டுக்குவோம். அப்படியும் கழுத்தெல்லாம் எரியும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தேச்சுட்டுப் படுக்க வேண்டியதுதான்." பாதையில் தூக்கியவருக்கே இந்தக் கதி. ஆலையில் உருளையின் கதவைத் திறந்து, ஆவி பறக்கும் கட்டைகளை இறக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். பர்மா தேக்குக்கு வீட்டுப் பெருமை சொல்ல ஆள் இருக்கிறது, இவர்களைப் பற்றிப் பேச யாருமில்லை.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த, மரத்தை மக்காமல் காக்கும் இன்னொரு மருந்தைக் கண்டுபிடித்தார். கையில் ஒட்டாது, நாற்றமும் இல்லை, உலகமெங்கும் பரவியது. அப்புறம் ஆர்செனிக் விஷம் என்ற பயத்தில் அமெரிக்கா 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கான மரக்கட்டைகளில் அதை நிறுத்திக்கொண்டது.

அந்தத் தெருவுக்குப் போனால் தேக்குக் கதவைத் தாராளமாகப் பேரம் பேசுங்கள். ரயில் கட்டையை வாங்கியே தீருவேன் என்றால் வாசல் கேட்டுக்கு வெளியே ஊன்றி வையுங்கள். மிச்சத் துண்டுகளை மட்டும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள், அந்தப் புகை ஆகாது.